மௌனம் சம்மதம் அல்ல

மேப்_ஸ்டாக் என்று ஓர் ஃபிளாக் இருக்கிறது. யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது, 'இந்த இடத்தை ஸ்டாக்காக வைத்துக்கொள்ளப் போகிறேன்' என்று கெர்னலிடம் அறிவிப்பதற்கானது அது. லினக்ஸில் பல ஆண்டுகளாக இதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எந்த வேறுபாடும் இருந்ததில்லை. பிற்காலத்தில் ஏதாவது ஒரு வன்பொருளுக்குத் தேவைப்படலாம் என்று ஒதுக்கிவைத்த பெயர் அது. ஃப்ரீபிஎஸ்டியில் இதே பெயரைக் கொடுத்தால், மேலிருந்து கீழ்நோக்கி வளரும் ஒரு பகுதி கிடைக்கும். கேட்ட நீளம் முழுவதும் உடனே அமையாது. தொடத்தொட அந்த எல்லை வரை வளரும். ஓபன்பிஎஸ்டியில், 2018-இல் வெளியான 6.4 பதிப்பு முதல், இது நிரலின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே நிரல் சிஸ்டம் கால் செய்யும்போதும் பேஜ் ஃபால்ட் எழும்போதும், ஸ்டாக் பாயிண்டர் காட்டும் இடம் இந்த ஃபிளாக்குடன் பெற்றதுதானா என்று கெர்னல் சோதிக்கிறது. இல்லையென்றால் நிரலைக் கொன்றுவிடுகிறது. ஊடுருவுபவர்கள் தாங்கள் நிரப்பிவைத்த வேறு நினைவகப் பகுதிக்கு ஸ்டாக் பாயிண்டரைத் திருப்பிவிட்டு நிரலைக் கைப்பற்றும் உத்தியைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர். ஆனால் ஓரிடத்தில் ஏறக்குறைய வெற்றுச் சொல், இன்னோரிடத்தில் வளர்ச்சிக்கான வேண்டுகோள், மூன்றாவது இடத்தில் பாதுகாப்புச் சட்டம்.

இந்த ஃபிளாக்கை ஏற்கும் சிஸ்டம் காலின் பெயர் எம்மேப். கோப்பைப் படிக்க வழக்கமான வழி, கெர்னல் தன் இடையகத்திலிருந்து நிரலின் இடத்துக்குப் பைட்டுகளை நகலெடுத்துத் தருவது. எம்மேப் அப்படி எதையும் நகலெடுப்பதில்லை. இந்தக் கோப்பின் இந்தப் பகுதி உன் முகவரி வெளியில் இந்த இடத்தில் தொடங்குகிறது என்று தன் கணக்கில் குறித்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். நிரல் அந்த முகவரியை முதன்முதலாகத் தொடும்போது அங்கே பக்கம் எதுவும் இல்லாததால் வன்பொருள் பேஜ் ஃபால்ட் எழுப்பும். அப்போதுதான் கெர்னல் வட்டிலிருந்தோ இடையகத்திலிருந்தோ அந்தப் பக்கத்தைத் தேடி இணைக்கும். நிரல் கொடுக்க வேண்டியவை ஆறு: விரும்பும் முகவரி, நீளம், படிக்க, எழுத, இயக்க என்ற அனுமதிகள், ஃபிளாக்குகள், கோப்பு, கோப்பில் தொடங்கும் இடம். ஃபிளாக்குகளில் எல்லா இயங்குதளங்களும் ஒத்துக்கொள்பவை மூன்று. மேப்_ஷேர்டு என்றால் எழுதுவது கோப்புக்கும், அதை இணைத்திருக்கும் மற்ற நிரல்களுக்கும் தெரியும். மேப்_பிரைவேட் என்றால் எழுதும் கணத்தில் அந்தப் பக்கத்துக்குத் தனி நகல் உருவாகி, மாற்றம் அந்த நிரலோடு நின்றுவிடும். மேப்_ஃபிக்ஸ்டு என்றால் சொன்ன முகவரியிலேயே வேண்டும். மீதிப் பெயர்களெல்லாம் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தச் சரக்கு.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு விடை, எம்மேப் பிறந்த விதத்தில் இருக்கிறது. கோப்பையும் நினைவகத்தையும் ஒன்றாகப் பார்க்கும் எண்ணம் 1960-களில் மல்டிக்ஸிலேயே இருந்தது. ஆனால் யூனிக்ஸில் அது நுழைந்தது விசித்திரமான வழியில்: 1983-இன் 4.2பிஎஸ்டி, எம்மேப் எப்படி இருக்கும் என்று ஆவணத்தில் விவரித்தது, நிரலில் அதைச் செய்துமுடிக்கவில்லை. வரைபடம் முதலில் வந்தது, வீடு வரவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்து ஆளாளுக்கு வீடு கட்டினார்கள். சன் நிறுவனத்தில் ஜிஞ்செல், மொரான், ஷானன் மூவரும் 1987-இல் வெளியிட்ட வடிவமைப்பு, அடுத்த ஆண்டு சன் ஓஎஸ் 4.0 ஆக வெளிவந்து, பிறகு சிஸ்டம் ஐந்தின் நான்காம் வெளியீட்டுக்குள் போனது. பெர்க்லிக்காரர்களோ இறுதியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் கெர்னலிலிருந்து மெய்நிகர் நினைவகப் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீபிஎஸ்டியின் வம்சாவளி அங்கிருந்து வருவது, மேக் ஓஎஸ்ஸின் அடியில் இன்றும் மாக் இருக்கிறது. லினக்ஸ் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டது. போசிக்ஸ் தரநிலை 1993-இல் எம்மேப்பைச் சேர்த்துக்கொண்டபோது, ஏற்கெனவே பிரிந்துபோன பிள்ளைகளுக்குப் பொதுவான குணங்களை மட்டும்தான் அதனால் எழுதிவைக்க முடிந்தது.

எண்களிலும் இந்த வம்சாவளி தெரியும். கோப்பு எதுவும் இல்லாமல் வெற்று நினைவகம் கேட்கும் ஃபிளாக்கின் எண் மதிப்பு, இன்டெல் வகைக் கணினியில் ஓடும் லினக்ஸில் 32. பிஎஸ்டிகளிலும் மேக் ஓஎஸ்ஸிலும் 4096. அதே லினக்ஸ், மிப்ஸ் சில்லில் ஓடினால் 2048. ஆல்ஃபா சில்லில் 16. ஒவ்வொரு சில்லுக்கும் லினக்ஸைக் கொண்டுபோனவர்கள், அங்கே முன்பே ஓடிக்கொண்டிருந்த வணிக யூனிக்ஸின் எண்களைப் பின்பற்றியதன் தழும்பு இது. வேடிக்கை என்னவென்றால், இன்டெல் லினக்ஸில் 16 என்பது மேப்_ஃபிக்ஸ்டு. நல்லவேளையாக யாரும் எண்ணை நேரடியாக எழுதுவதில்லை. பெயரை எழுதினால் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

பலரும் அஞ்சுவது, ஓர் இயங்குதளத்தில் இருக்கும் ஃபிளாக் இன்னொன்றில் இல்லாமல் போவதை. உண்மையில் தீங்கில்லாத வேறுபாடு அதுதான். பெயர் இல்லையென்றால் கம்பைலர் கத்தும். நிரலாளர் அன்றைக்கே மாற்று வழி தேடுவார். கெர்னல் மறுத்துவிட்டாலும் அப்படித்தான். ஆப்பிளின் புதிய சில்லுகளில், ஓடும்போதே இயந்திரக் குறிமுறையை உருவாக்கி இயக்க விரும்பும் நிரல் மேப்_ஜிட் ஃபிளாக்கைக் கொடுத்து, எழுதும் நிலைக்கும் இயக்கும் நிலைக்கும் இழை வாரியாக மாறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. ஓபன்பிஎஸ்டி ஒரே பக்கத்துக்கு எழுதும் உரிமையையும் இயக்கும் உரிமையையும் சேர்த்துத் தருவதில்லை என்பதை 2016-இன் 6.0 பதிப்பிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறது. பக்கத்தின் அளவு எல்லா இடத்திலும் 4096 பைட் என்று நம்பி எழுதப்பட்ட நிரல், 16 கிலோபைட் பக்கங்கள் உள்ள ஆப்பிள் கணினியில் கோப்பின் நடுவிலிருந்து இணைக்கக் கேட்டால், பிழை எண்ணோடு திரும்பி வரும். இவை தொல்லைகள்தான், ஆனால் உரக்கப் பேசும் தொல்லைகள். உரக்கப் பேசும் பிழை சோதனைக் கூடத்தைத் தாண்டுவதில்லை.

தாண்டிப்போவது வேறு வகை. எம்மேப்புக்குத் தெரியாத ஃபிளாக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஃப்ரீபிஎஸ்டி மறுத்துவிடும். லினக்ஸின் மரபு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. ஓட்டலில் 'சர்க்கரை இல்லாமல் ஒரு காபி' என்று சொல்ல, சர்வர் தலையாட்டிவிட்டுச் சர்க்கரை போட்ட காபியைக் கொண்டுவந்து வைப்பது போன்ற மரபு இது. காபி வந்துவிட்டது, ஆனால் சொன்னது கேட்கப்படவில்லை. இந்த மரபின் புதைபடிவங்கள் லினக்ஸின் ஆவணத்திலேயே கிடக்கின்றன. மேப்_டினைரைட் என்ற ஃபிளாக், இணைத்திருக்கும் கோப்பில் வேறு யாரும் எழுதாதபடி தடுப்பதற்காக வந்தது. சேவையை முடக்கும் தாக்குதலுக்கு அது வழிசெய்ததால், 2.0 பதிப்பின் காலத்துக்குப் பிறகு அதன் பொருளை எடுத்துவிட்டார்கள். பெயரை எடுக்கவில்லை. இன்றும் கொடுக்கலாம், வெற்றி என்றே விடை வரும், கோப்பைக் காக்க யாரும் இல்லை.

பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக லினக்ஸ் காட்டும் இந்தப் பொறுமை, 2018-இல் லினக்ஸின் காலையே பிடித்தது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவக வன்பொருள் சந்தைக்கு வரவே, இணைத்த பகுதியில் இருப்பது, கணினி திடீரென நின்றுபோனாலும் கோப்பின் அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதியைக் கேட்கும் மேப்_சிங்க் என்ற ஃபிளாக் தேவைப்பட்டது. அதைப் பழைய கெர்னலிடம் கேட்டால் அது புரியாமலே சரி என்று சொல்லும்; தரவுத்தளமும் தன் பதிவுகள் பத்திரம் என்று நம்பிவிடும். கெர்னலையே மாற்றி, இனித் தெரியாத ஃபிளாக்குகளை மறுப்போம் என்று சொல்லவும் வழியில்லை. எத்தனையோ பழைய நிரல்கள் ஏதேதோ குப்பை எண்களைக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக ஓடுகின்றன. கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. மேப்_ஷேர்டின் எண் 1, மேப்_பிரைவேட்டின் எண் 2. இரண்டும் சேர்ந்த 3 அர்த்தமற்றது என்பதால், பழைய கெர்னல்களும் அதை மட்டும் மறுத்துவந்தன. அந்த 3-ஐ எடுத்து, 4.15 பதிப்பில் மேப்_ஷேர்டு_வேலிடேட் என்று பெயரிட்டார்கள்: ஷேர்டு போலவே இயங்கும், ஆனால் தெரியாத ஃபிளாக் வந்தால் மறுக்கும். கெர்னலுக்கு 'இல்லை' என்று சொல்லக் கற்றுத்தருவதற்காக ஒரு புதிய ஃபிளாக். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள்; எம்மேப்பில் அது எதற்கும் அறிகுறி அல்ல.

அதே ஆண்டு 4.17 பதிப்பில் மேப்_ஃபிக்ஸ்டின் பழைய குறை ஒன்றுக்கு மருந்து வந்தது. மேப்_ஃபிக்ஸ்டு சொன்ன முகவரியில் ஏற்கெனவே ஏதாவது இணைந்திருந்தால், அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிடுங்கிவிட்டுப் புதியதை வைக்கும். இது பிழையால் வந்ததன்று: பெரிய இடமாகப் பிடித்துவைத்துவிட்டு அதன்மேல் லைப்ரரிகளின் பகுதிகளைத் துண்டுதுண்டாகப் பதிக்கும் லோடருக்கு இந்தக் குணம்தான் வேண்டும். ஆனால் இழைகள் பல ஓடும் நிரலில், காலியாக இருந்த இடம் ஒரு கணத்தில் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். அப்போது மேப்_ஃபிக்ஸ்டு அவருடைய நினைவகத்தை அழித்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி இதற்கு மேப்_எக்ஸ்க்ள் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. இடம் காலியில்லையென்றால் மறுக்கும். லினக்ஸின் மேப்_ஃபிக்ஸ்டு_நோரீப்ளேசும் அதையேதான் செய்கிறது, புதிய கெர்னலில். பழைய கெர்னலுக்கு அந்தப் பெயர் தெரியாததால், கேட்ட முகவரியை வெறும் விருப்பமாக எடுத்துக்கொண்டு வேறெங்காவது இடம் தந்துவிடும். ஆகவே இந்த ஃபிளாக்கைப் பயன்படுத்துபவர், கிடைத்த முகவரி கேட்டதுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும் என்று ஆவணமே அறிவுறுத்துகிறது. கெர்னலின் சொல்லை நம்பாதே, செயலைப் பார் என்று கெர்னலின் ஆவணமே எழுதுவது அபூர்வம்.

இதைவிடக் கடுமையானது, பெயரும் இருந்து பொருளும் இருந்து, இரண்டு இடத்தில் இரண்டு பொருளாக இருப்பது. இணைத்த நினைவகத்தைப் பற்றிக் கெர்னலுக்குப் பிற்பாடு குறிப்புச் சொல்ல மேட்வைஸ் என்ற துணை சிஸ்டம் கால் உண்டு. அதில் டோன்ட்நீட் என்ற குறிப்பு, 'இப்போதைக்கு இது வேண்டாம்' என்று சொல்கிறது. பிஎஸ்டிகளில் இது குறிப்பு மட்டுமே: பக்கங்களை முன்னுரிமை வரிசையில் கீழே தள்ளலாம், உள்ளடக்கம் அப்படியே இருக்கும். லினக்ஸில் இது கட்டளை. பிரைவேட்டாகப் பெற்ற கோப்பில்லா நினைவகத்தில் இதைச் சொன்னால் உள்ளே இருந்தது அந்தக் கணமே போய்விடும். மறுபடி தொட்டால் பூஜ்ஜியங்கள் நிறைந்த புதுப் பக்கம் வரும். ஒருவர் பிஎஸ்டியில் பழகிவிட்டு லினக்ஸில் இதை எழுதினால் தரவை இழப்பார். லினக்ஸில் பழகிவிட்டு பிஎஸ்டியில் எழுதினால், பூஜ்ஜியம் இருக்கும் என்று நம்பிய இடத்தில் பழைய குப்பையைப் படிப்பார். இரண்டிலும் கம்பைலர் வாய் திறக்காது, சிஸ்டம் காலும் வெற்றி என்றே சொல்லும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஃப்ரீ என்ற குறிப்பு, 'நினைவக நெருக்கடி வந்தால் எடுத்துக்கொள், அதுவரை இருக்கட்டும்' என்கிறது. பிஎஸ்டியிலும் சோலாரிஸிலும் பழகிய இது, லினக்ஸுக்கு 2016-இல் 4.5 பதிப்பில் வந்தது. கோ மொழியின் இயக்கச் சூழல் 2019-இல் 1.12 பதிப்பில் இதற்கு மாறியது. வேகமாகத்தான் இருந்தது. ஆனால் நெருக்கடி வராத கணினியில் பக்கங்கள் நிரலின் கணக்கிலேயே நீடித்ததால், கண்காணிப்புக் கருவிகள் நினைவகம் கசிகிறது என்று காட்டின. ஒன்றும் கசியவில்லை, கணக்கு மட்டும் வேறு. இருந்தும் 2021-இன் 1.16 பதிப்பில் கோ பழையபடி டோன்ட்நீடுக்கே திரும்பியது. ஒரு ஃபிளாக்கின் பொருள் அதன் ஆவணத்தோடு முடிவதில்லை, அதைச் சுற்றி வளர்ந்த கருவிகளின் பழக்கத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது: போசிக்ஸில் எழுதியிருப்பதை மட்டும் பயன்படுத்தினால் இந்த வம்பே இல்லையே? சொல்வது எளிது. வெற்று நினைவகம் கேட்பது எம்மேப்பின் மிக அன்றாடப் பயன்பாடு. அதற்கான மேப்_அனானிமஸ், போசிக்ஸில் சேர்ந்தது 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதுவரை, அந்த ஃபிளாக் இல்லாத யூனிக்ஸ்களில் டெவ் அடைவில் உள்ள ஜீரோ என்ற போலிக் கோப்பைத் திறந்து இணைத்துக்கொண்டிருந்தார்கள். தரநிலைக்குள்ளேயே நின்றவர், முப்பது ஆண்டுகள் அன்றாட வேலைக்கே சுற்றுவழி போக வேண்டியிருந்தது. தரநிலைக்குள் இருப்பவையும் முழுக் காப்பு அல்ல. மேப்_ஷேர்டு எல்லாரும் ஒத்துக்கொண்டது என்றேன். ஆனால் ஒரே கோப்பை ஒருவர் எம்மேப் வழியாகவும் இன்னொருவர் சாதாரண ரைட் வழியாகவும் தொட்டால் இருவரும் ஒன்றையே காண்பார்களா என்பது, கெர்னல் இரண்டுக்கும் ஒரே இடையகத்தை வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் வைத்திருக்கின்றன. ஓபன்பிஎஸ்டியில் அந்த ஒருங்கிணைப்பு இல்லை. இடையில் எம்சிங்க் செய்யாவிட்டால் பழையதைக் காணலாம். இங்கே எந்த ஃபிளாக்கும் வேறுபடவில்லை. எஸ்க்யூலைட் தரவுத்தளம், ஒருங்கிணைந்த இடையகம் இல்லாத இயங்குதளத்தில் தன் எம்மேப் வசதி சரியாக இயங்காது என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது மறுப்பு: இன்றைய நிரலாளர்களில் எத்தனை பேர் எம்மேப்பை நேரடியாக அழைக்கிறார்கள்? தரவுத்தளம் கட்டுபவர்கள்கூட அதை நம்பக்கூடாது என்று 2022-இல் குரோட்டி, லைஸ், பாவ்லோ ஆகியோர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார்கள். மாங்கோடிபியும் எம்மேப்பை நம்பியிருந்த தன் பழைய சேமிப்பு இயந்திரத்தை 4.2 பதிப்பில் நீக்கிவிட்டது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அழைக்காமல் இருப்பதும் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒன்றல்ல. லைப்ரரிகளைக் கொண்டுவந்து இணைக்கும் லோடர் எம்மேப்பால்தான் வேலை செய்கிறது. லினக்ஸில், நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் மேலாக் வழியே பெரிய நினைவகம் கேட்டால், தொடக்க நிலையில் 128 கிலோபைட்டைத் தாண்டியதுமே சி மொழி லைப்ரரியான ஜிலிப்சி எம்மேப்பிடம் போகிறது. ஆகவே சுமை மறையவில்லை. மேலாக் எழுதுபவர்கள், மொழிகளின் இயக்கச் சூழலை எழுதுபவர்கள் என்ற சிறு கூட்டத்தின் தோளுக்கு இடம்மாறியிருக்கிறது. அவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்பதற்கு ஜேமேலாக் என்ற மேலாக் நல்ல சான்று. லினக்ஸ் நிரலை வேறு கணினியில் போலச்செய்து ஓட்டும் கியூஎமு, டோன்ட்நீடைக் காதில் வாங்காமல் வெற்றி என்று சொல்லிவந்தது. ஜேமேலாக்கோ பூஜ்ஜியம் வரும் என்று நம்பியிருந்தது. இப்போது அது தொடங்கும்போதே ஒரு பக்கத்தை இணைத்து, அதில் எழுதி, டோன்ட்நீட் சொல்லி, திரும்பப் படித்துப் பார்க்கிறது. எழுதியது இன்னும் இருந்தால் அந்த வழியை விட்டுவிடுகிறது.

அப்படியானால் எல்லாரும் உட்கார்ந்து ஒரே பொருளுக்கு வந்துவிடலாமே என்பது மூன்றாவது. பெயர்களைப் பொறுத்தவரை அது நடக்கும், மேப்_அனானிமஸ் நடந்தது போல. பொருள்களைப் பொறுத்தவரை நடக்க வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஓபன்பிஎஸ்டியின் ஸ்டாக் சோதனையை எல்லார் ஒப்புதலும் கிடைத்த பிறகுதான் செய்ய முடியும் என்றிருந்தால், அது இன்னும் யாரோ ஒருவரின் மேசையில் வரைவாகக் கிடந்திருக்கும். வழக்கில் ஏறிவிட்ட பொருளை மாற்றுவதும் எளிதல்ல. டோன்ட்நீடை போசிக்ஸும் வெறும் குறிப்பாகவே வரையறுத்திருக்கிறது. தரநிலைக்குப் பணிந்து லினக்ஸ் தன் பொருளை மாற்றினால், பூஜ்ஜியத்தை நம்பியிருக்கும் மேலாக்குகள் உடையும். லினக்ஸுக்கு இணங்கித் தரநிலை மாறினால், உள்ளடக்கம் தங்கும் என்று நம்பியிருக்கும் நிரல்கள் தரவை இழக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ஜிலிப்சி, தரநிலையின் பெயரில் வரும் டோன்ட்நீடுக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டது. போசிக்ஸ்_மேட்வைஸ் வழியாக யாராவது அதைக் கேட்டால், கெர்னலுக்குத் தெரிவிக்காமல், எதுவும் செய்யாமல், வெற்றி என்று திருப்பி அனுப்புகிறது.